எழுத்து, சொல், பொருள்: பத்ரீஸ் லாஃபோன் நடத்திய மூன்று விளையாட்டுகள்

1. தோற்றுவாய்

மொழியைப் பேணுவோர் யாவர் என்று வினவினால், புலவர், ஆசிரியர், அகராதி தொகுப்போர் என்றே நாம் விடை பகர்வோம். பிரான்சு நாட்டில் இவ்வினாவை எழுப்பினால், அவ்வரிசையில் தொலைக்காட்சி நெறியாளர் ஒருவரின் பெயரும் இடம்பெறக்கூடும். அவர் பெயர் பத்ரீஸ் லாஃபோன். இலக்கண நூல் எழுதியவர் அல்லர்; பல்கலைக்கழகத்தில் மொழி கற்பித்தவரும் அல்லர். ஆயினும் 1972 முதல் 2003 வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, பிரெஞ்சுக் குடும்பங்கள் மாலை வேளையில் தம் மொழியின் எழுத்துகளையும் சொற்களையும் வைத்து விளையாடியபோது, அவ்விளையாட்டை முன்னின்று நடத்தியவர்களுள் தலையாயவர் அவரே.

அவர் புகழ்பெறக் காரணமான நிகழ்ச்சிகள் மூன்று. முதலாவது எழுத்துகளைக் கோத்துச் சொல் ஆக்குவது. இரண்டாவது சொல்லைக் கொண்டு வேறொரு சொல்லை உணர்த்துவது. மூன்றாவது விடுகதையின் பொருள் காண்பது. எழுத்து, சொல், பொருள் என மொழியைப் பகுத்துக் காணப் பழகிய நமக்கு இவ்வரிசை புதியதன்று. ஆகவே அவருடைய வாழ்வையும் பணியையும் இம்மூன்று தலைப்புகளிலேயே விளக்க முற்படுகிறோம். கால வரிசையில் மூன்றாவது நிகழ்ச்சி இரண்டாவதற்கு ஓராண்டு முற்பட்டது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

2. பதிப்பாளரின் மைந்தர்

பத்ரீஸ் லாஃபோன் 1939-இல் மர்சேய் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டு அது. தந்தையார் ரொபேர் லாஃபோன், போர்க்காலத்திலேயே, 1941-இல், அதே நகரில் தம் பெயரால் ஒரு பதிப்பகத்தை நிறுவினார். பின்னர் பாரிசுக்குப் பெயர்ந்த அப்பதிப்பகம், பிரான்சின் பெரும் பதிப்பகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1969-இல் அது வெளியிட்ட நூல்களுள் ஒன்று ஆன்றி ஷாரியேரின் 'பப்பியோன்'. அந்நூலை நம்மவர் நன்கறிவர். ரா. கி. ரங்கராஜன் தமிழாக்கத்தில் 'பட்டாம்பூச்சி' என்னும் பெயரோடு 'குமுதம்' இதழில் தொடராக வந்து, தமிழ் வாசகரைக் கிழமைதோறும் காத்திருக்க வைத்த கதை அதுவே.

நூல்கள் சூழ்ந்த குடும்பத்தில் பிறந்தவர் நூல் வழியே செல்லாமல் நடிப்பையும் தொலைக்காட்சியையும் நாடினார். எனினும் அச்சிட்ட மொழியைப் போற்றிய தந்தையும், பேசி விளையாடும் மொழியைப் பரப்பிய மைந்தரும் வெவ்வேறு திசையில் சென்றனர் என்று நாம் கருத வேண்டியதில்லை. தந்தையின் பணி புத்தகக் கடைக்கு வருவோரைச் சென்றடைந்தது. மைந்தரின் பணி, புத்தகக் கடைக்கு என்றுமே செல்லாதவரையும் சென்றடைந்தது.

3. எழுத்து: 'எண்களும் எழுத்துகளும்'

தொலைக்காட்சிப் படைப்பாளர் அர்மான் ஜமோ 1965-இல் 'மிக நீளமான சொல்' என்று பொருள்படும் பெயருடன் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். அதனோடு பின்னர் எண் சுற்றும் இணைந்தது. 1972-இல் அது 'தே ஷிஃப்ர் எ தே லெத்ர்', அதாவது 'எண்களும் எழுத்துகளும்', என்னும் புதிய பெயரைப் பெற்றது. அவ்வாண்டில் அதன் நெறியாளராகப் பொறுப்பேற்ற லாஃபோன் 1989 வரை அப்பொறுப்பில் நீடித்தார்.

விளையாட்டின் விதிகள் எளியவை. போட்டியாளர் இருவர் மாறி மாறி 'மெய்' அல்லது 'உயிர்' என்று கேட்பர். கேட்டவாறே ஓர் எழுத்து எடுக்கப்பட்டு முன்னே வைக்கப்படும். போதிய எழுத்துகள் சேர்ந்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். குறித்த நேரத்துக்குள் அவ்வெழுத்துகளால் இயன்ற மிக நீளமான சொல்லைக் கண்டறிய வேண்டும். எத்தனை எழுத்துகள் என்பது காலந்தோறும் கூடிவந்தது. நெடுங்காலம் 9 எழுத்துகளாக இருந்து பின்னர் 10 ஆயிற்று.

எண் சுற்றில் ஆறு எண்களைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் வகுத்தும், குறிக்கப்பட்ட ஒரு மூவிலக்க எண்ணை அடைய வேண்டும். காட்டாக, 2, 3, 7, 8, 25, 50 ஆகியவை கிடைத்து, அடைய வேண்டிய எண் 367 எனக் கொள்வோம். 7-ஐ 50-ஆல் பெருக்க 350. அதனோடு 25 கூட்ட 375. 8-ஐக் கழிக்க 367. ஆறு எண்களையும் பயன்படுத்த வேண்டும் என்னும் கட்டாயமில்லை. இவ்வாறு விடை அமைந்ததும் 'கணக்குச் சரி' என்று பொருள்படும் தொடர் கூறப்படும். அத்தொடர் விளையாட்டைக் கடந்து, பிரெஞ்சு மக்களின் அன்றாடப் பேச்சிலும் வேரூன்றியது.

மொழியியல் நோக்கில் எழுத்துச் சுற்றே நம் கவனத்துக்குரியது. பிரெஞ்சு மொழியில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளி பெரிது. சொல்லிறுதி எழுத்துகள் பலவும் ஒலிப்பதில்லை. 'பாட', 'பாடப்பட்ட', 'பாடுகிறீர்கள்' என்னும் பொருள்தரும் மூன்று பிரெஞ்சு வடிவங்களும் எழுத்தில் வேறு வேறானவை. ஒலிக்கும்போது மூன்றுமே 'ஷாந்தே' என்றே கேட்கும். செவிக்கு ஒன்றாகவும் கண்ணுக்குப் பலவாகவும் அமைந்த இத்தகைய மொழியில், பள்ளி மாணவர்க்கு எழுத்துக்கூட்டல் பெருஞ்சுமையாகும். வகுப்பறையில் பிழை தேடும் செங்கோலாக இருந்த எழுத்துக்கூட்டல், இவ்விளையாட்டில் மதிப்பெண் ஈட்டித்தரும் செல்வமாயிற்று. ஒலிக்காத ஈற்றெழுத்தும் ஒரு புள்ளி பெற்றுத் தரும் அல்லவா?

அன்றியும், தேர்ந்த போட்டியாளர் எழுத்துகளைத் தனித்தனியே நோக்குவதில்லை. வினையடை ஆக்கும் விகுதி கிடைக்குமா, செயற்பெயர் ஆக்கும் விகுதி அமையுமா என்று முதலில் தேடுவர். விகுதியை ஓரமாக ஒதுக்கி, எஞ்சிய எழுத்துகளில் பகுதியைத் தேடுவர். பகுதி, விகுதி எனச் சொல்லைப் பிரித்துக் காணும் உருபனியல் அறிவை, அப்பெயரை ஒருபோதும் கேட்டறியாதவரும் இவ்வாறு பயின்றனர்.

ஒரு சொல் செல்லுமா, செல்லாதா என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு நெறியாளருடையதன்று. அதற்கென நடுவர் இருந்தனர். தொடக்கக் காலத்தில் அவ்விருக்கையில் அமர்ந்தவர் இதழாளரும் குறுக்கெழுத்துப் புதிர் வல்லுநருமான மாக்ஸ் ஃபவலெலி. போட்டியாளராக வந்து வென்ற இளைஞர் பெர்த்ரான் ரெனார், 1975-இல் எண் சுற்றின் நடுவரானார். 1986-இல் அரியேல் புலான்-பிரா எழுத்துச் சுற்றின் நடுவராக வந்து சேர்ந்தார். நடுவர்க்கும் மேலான அதிகாரம் மேசைமேல் இருந்த அகராதிக்கு உரியது. அறிஞர் அறையிலும் நூலகத்திலும் இருந்த அகராதி, மக்கள் ஆவலோடு எதிர்நோக்கும் தீர்ப்பு நூலாக நாள்தோறும் திரையில் புரட்டப்பட்டது. அகராதிக்கு இதனினும் பெரிய விளம்பரத்தை எந்த மொழிக் கழகமும் அளித்ததாக நாம் அறியோம்.

இவ்விளையாட்டு பெருந்தொகைப் பரிசால் பெயர் பெற்றதன்று. ஆயினும் அது கடல் கடந்தது. 1982 நவம்பர் 2-ஆம் நாள் பிரிட்டனில் 'சேனல் 4' அலைவரிசை தொடங்கியபோது முதன்முதலாக ஒளியேறிய நிகழ்ச்சி 'கவுண்ட்டவுன்'. அது 'எண்களும் எழுத்துகளும்' விளையாட்டின் ஆங்கில வடிவமே.

4. சொல்: 'பிரமிடு'

1991-இல் தொடங்கிய 'பிரமிடு' நிகழ்ச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே 1973-இல் ஒளிபரப்பான விளையாட்டு ஒன்றின் பிரெஞ்சு வடிவம் அது. 2003 வரை நீடித்த அந்நிகழ்ச்சியின் முதன்மை நெறியாளராக லாஃபோன் விளங்கினார்.

இதில் எழுத்துக்கு இடமில்லை. சொற்களின் உறவே களம். இருவர் ஓரணியாக அமர்வர். ஒருவருக்கு மட்டும் ஒரு சொல் காட்டப்படும். அச்சொல்லைக் கூறாமல், வேறு தனிச்சொற்களைக் குறிப்பாகத் தந்து, துணைவரை அதனைச் சொல்லச் செய்ய வேண்டும். குறிப்புச் சொல்லுக்கு அவர்கள் இட்ட பெயர் 'செங்கல்'. எத்தனை செங்கற்களில் உணர்த்த இயலும் என்று முன்னரே துணிந்து கூற வேண்டும்.

நம் மொழியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு காண்போம். உணர்த்த வேண்டிய சொல் 'படகு'. 'கடல்' என்று குறிப்புத் தந்தால், துணைவர் மனத்தில் அலை, மீன், உப்பு, கப்பல், கரை எனப் பல சொற்கள் எழும். 'துடுப்பு' என்றால் படகைத் தவிர வேறொன்று தோன்றுவது அரிது. 'கடல்' பலரோடு உறவுடைய சொல். 'துடுப்பு' சிலரோடு மட்டுமே உறவுடையது. உறவு குறைந்த சொல்லே குறிப்பைக் கூர்மையாக்குகிறது. சொற்கள் மனத்தில் அகர வரிசையில் அடுக்கப்பட்டிருப்பதில்லை, ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வலையாக அமைந்துள்ளன என்று சொற்பொருளியலார் விளக்குவர். அவ்வலையின் எந்த இழையைப் பற்றி இழுப்பது என்பதே இவ்விளையாட்டின் திறம்.

இன்னொன்றும் உண்டு. நமக்கு மிக நெருங்கிய சொல் துணைவருக்கும் நெருங்கியதாக இருக்கும் என்பது உறுதியில்லை. மீனவர்க்கும் நகர மாணவர்க்கும் 'வலை' என்ற சொல் ஒரே சொல்லை நினைவூட்டுமா? ஆகவே துணைவரின் வயது, ஊர், தொழில் ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தே குறிப்புத் தர வேண்டும். கேட்பவரை அறிந்து சொல்லைத் தேர்தல் என்னும் பேச்சுக்கலையின் அடிப்படை, இங்கே விளையாட்டாகவே பயிற்சி பெறுகிறது.

5. பொருள்: 'போயார் கோட்டை'

பிரான்சின் மேற்குக் கரையோரத்தில், எக்ஸ், ஒலேரோன் ஆகிய தீவுகளுக்கு இடையே, கடல் நடுவே நீள்வட்ட வடிவில் ஒரு கற்கோட்டை நிற்கிறது. அதன் பெயர் போயார். ரோஷ்ஃபோர் நகரின் போர்க்கப்பல் தளத்தைக் காப்பதற்காக நெப்போலியன் காலத்தில் தொடங்கப்பட்ட அதன் கட்டுமானம், இடையே பல்லாண்டுகள் தடைப்பட்டு, 1850-களில்தான் நிறைவெய்தியது. அதற்குள் பீரங்கிகள் எட்டும் தொலைவு பெருகிவிட்டமையால் கோட்டைக்குத் தேவையே இல்லாமற் போயிற்று. சிலகாலம் சிறையாகப் பயன்பட்டுப் பின் கைவிடப்பட்ட அக்கோட்டைக்கு மறுவாழ்வு தந்தது ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. அதனை உருவாக்கியவர் ஜாக் அந்துவான். 1990 ஜூலையில் அது தொடங்கியபோது நெறியாளராகக் களமிறங்கிய லாஃபோன், 1999 வரை பிற நெறியாளரோடு இணைந்து அதனை நடத்தினார்.

உடல் வலிமையையும் துணிவையும் சோதிக்கும் நிகழ்ச்சி என்றே 'போயார் கோட்டை' அறியப்படுகிறது. நாழிகை வட்டிலை ஒத்த நீர்க்கருவி காலத்தை அளக்க, போட்டியாளர் சிற்றறைகளில் புகுந்து திறவுகோலைத் தேடுவர். நீர் தீருமுன் வெளியேறாதவர் சிறைப்படுவர். ஆயினும் அதன் உயிர்நாடி மொழியே என்பது நம் கருத்து. கோட்டையின் உச்சியில், நரைத்த நீள்தாடியோடு ஒரு முதியவர் வீற்றிருப்பார். அருகிலுள்ள கடற்கரை ஊரான ஃபூராவின் பெயரையே அவர் தாங்கியுள்ளார். அவர் விடுகதை ஒன்றைச் சொல்வார். விடை கூறினால் திறவுகோல் கைக்கு வரும். கூறாவிடில் கடலில் எறியப்படும்.

இறுதிச் சோதனை இன்னும் நுட்பமானது. போட்டியாளர் தாம் வென்ற குறிப்புச் சொற்களை ஒருங்கே வைத்து, அவற்றையெல்லாம் இணைக்கும் ஒரு மறைசொல்லைக் காண வேண்டும். தமிழில் ஓர் எடுத்துக்காட்டு அமைப்போமாயின், குறிப்புச் சொற்கள் 'கதிரவன்', 'மணமகன்', 'மல்லிகை' என்க. விடை 'மாலை'. கதிரவன் பொழுதைச் சுட்டுகிறது. மணமகனும் மல்லிகையும் தொடையலைச் சுட்டுகின்றன. ஒரு வடிவம் இரு பொருள் தாங்கி நிற்பதால் விளையும் மயக்கமே புதிருக்கு அடித்தளமாகிறது. விடுகதையைப் 'பிசி' எனப் பெயரிட்டுச் செய்யுளியலில் இடமளித்த தொல்காப்பியர் வழிவந்த நமக்கு, இஃது அயலானதாகத் தோன்றாது.

மறைசொல்லைக் கண்டபின் அதனை வாயால் கூறினால் போதாது. கருவூல அறையின் தரையில் நெடுங்கணக்கு எழுத்துகள் கட்டங்களாக வரையப்பட்டுள்ளன. சொல்லின் எழுத்துக்கு ஒருவராகப் போட்டியாளர் அக்கட்டங்களில் ஏறி நிற்க வேண்டும். ஆள் குறைந்தால் பீரங்கிக் குண்டுகளை வைத்து நிரப்ப வேண்டும். சொல் சரியாக அமைந்தால் பொற்காசுகள் கொட்டும். ஆக, பொருளில் தொடங்கிய புதிர் சொல்லைக் கடந்து மீண்டும் எழுத்திலேயே வந்து முடிகிறது.

6. நெறியாளரின் இடம்

மூன்று நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்கும்போது, லாஃபோனின் பங்கு யாது என்னும் வினா எழுகிறது. சொல்லைத் தீர்மானித்தது அகராதி, தீர்ப்பளித்தவர் நடுவர், புதிர் போட்டவர் முதியவர். நெறியாளர் இவற்றுள் எதனையும் செய்யவில்லை. அவர் செய்தது ஒன்றே: தோல்வியை அச்சமற்றதாக ஆக்கினார்.

சொல்லப்பட்ட சொல் அகராதியில் இல்லை என்று அறிவிக்கப்படும் நொடி, நாடு முழுவதும் காண ஒருவர் தம் தாய்மொழியில் தவறும் நொடியாகும். அந்நொடியில் நெறியாளர் ஆசிரியரைப் போலக் கண்டித்தால், அடுத்து ஒருவரும் துணிந்து வாய் திறவார். லாஃபோன் இயல்பான நகைச்சுவையாலும், அறிஞர் போல் தோன்ற முயலாத எளிமையாலும் பெயர் பெற்றவர். மொழியின் விதி கடுமையாகவே இருந்தது. அகராதி ஒருபோதும் வளைந்து கொடுக்கவில்லை. விதியை அறிவிக்கும் வாயும் போட்டியாளருடன் உரையாடும் வாயும் வேறு வேறாக இருந்ததால், கடுமையும் கனிவும் ஒரே மேடையில் அமைய முடிந்தது. மொழிப் பற்றாளர் பலரும் இவ்விரு பணிகளையும் ஒருவரிடமே ஒப்படைத்துவிடுகின்றனர். திருத்துபவரே மகிழ்விப்பவராகவும் இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது எளிதில் நிறைவேறாத ஒன்று.

தொலைக்காட்சி நெறியாளர் பணி குறைந்த பின்னர் லாஃபோன் நாடக மேடைக்குத் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற 'எண்களும் எழுத்துகளும்' வேறு நெறியாளரிடம் சென்றது. 1992 முதல் லோரான் ரொமேய்கோ அதனை நெடுங்காலம் நடத்தினார். 2022-இல் ரெனார், புலான்-பிரா ஆகிய இரு நடுவரும் அகற்றப்பட்டனர். 2024-இல் நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. 1965-இலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 59 ஆண்டுகள். அதே ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள் லாஃபோன் தம் 84-ஆம் வயதில் காலமானார். 'போயார் கோட்டை' இன்றும் கோடைதோறும் ஒளிபரப்பாகி வருகிறது.

7. முடிவுரை

இத்தகைய விளையாட்டைத் தமிழில் அமைக்க இயலுமா என்று கேட்பது இயல்பே. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றபோது விதிகளை மாற்ற வேண்டிய தேவை அதிகம் எழவில்லை. இரண்டுக்கும் எழுத்து வரிசை ஒன்றே. தமிழுக்கு வருமாயின் இரண்டு வினாக்களுக்கு முதலில் விடை காண வேண்டும்.

முதல் வினா, எழுத்து என்பது எது என்பது. 'மரம்' என்பதில் எழுத்துகள் மூன்று. பிரித்துக் கண்டால் ம், அ, ர், அ, ம் என ஒலிகள் ஐந்து. 216 உயிர்மெய்களையும் தனித்தனி அட்டைகளாக்கினால் விளையாட்டு நகராது. உயிரையும் மெய்யையும் தனித்தனியே எடுத்து, சேர்த்து எழுதும் பொறுப்பைப் போட்டியாளரிடம் விட்டால், 'மெய்', 'உயிர்' என்று கேட்கும் பிரெஞ்சு முறை நமக்கு நன்கு பொருந்தும். சிறுவர்க்கு உயிர்மெய்ப் புணர்ச்சியைக் கற்பிக்க இதனினும் எளிய வழி அரிது.

இரண்டாம் வினா அதனினும் கடினம்: சொல் என்பது எது? தமிழ் ஒட்டுநிலை மொழி. 'வா' என்னும் பகுதியிலிருந்து 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' வரை விகுதியையும் உருபையும் அடுக்கிச் செல்லலாம். மிக நீளமான சொல்லைத் தேடும் விளையாட்டில் இதற்கு எல்லை வகுத்தே ஆக வேண்டும். அகராதித் தலைச்சொல் மட்டுமே செல்லும் என்று வரையறுக்கலாம். அப்போதும் எந்த அகராதி என்ற வினா எஞ்சும். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை ஏற்றால் இன்று வழங்காத சொற்களும் செல்லும். கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை ஏற்றால் இன்றைய வழக்கு மேலோங்கும். நம் நாட்டில் மட்டும் வழங்கும் சொற்கள் இவ்விரண்டிலும் எத்தனை இடம்பெற்றுள்ளன என்பதையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இவை விளையாட்டுக்காக எழுப்பிய வினாக்களே எனினும், மொழித் திட்டமிடலின் அடிப்படை வினாக்களும் இவையே. ஒரு சமூகம் தன் சொல்லுக்கு எல்லை எது, தீர்ப்பு யாரிடம் என்று முடிவு செய்தாலன்றி, ஒரு மாலைப் பொழுது விளையாட்டைக்கூட நடத்த முடியாது. அவற்றைக் கருத்தரங்குகளில் விவாதித்து ஒத்திவைப்பது எளிது. நாளை மாலை ஒளிபரப்பு உண்டு என்றால், இன்றே முடிவெடுத்தாக வேண்டும். அம்முடிவை எடுக்கும் பொறுப்பை அறிஞர் ஏற்கட்டும். அதனை மக்கள் முன் கொண்டுசெல்லும் பொறுப்பை, தவறுபவரோடு சேர்ந்து சிரிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைப்போம்.